மூணடி தள்ளி நில்லு, கண்ணு!

வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலை. முருங்கைக்காய் மூட்டைகள் ஏற்றிய டெம்போக்கள் போய்க்கொண்டிருக்க, எங்கிருந்தோ விசைத்தறிச் சத்தம் 'டடக்... டடக்' என்று தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. நண்பர் ஒருவர் நம்மை அங்கே வரச் சொல்லியிருந்தார். விசைத்தறி ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். ஆள் கொஞ்சம் பதட்டமாக இருந்தார்.

"என்ற அக்கா மகளைப் பத்தி உங்களுக்குத் தெரியுமில்லீங்க... பிளஸ் ஒன் படிக்குது. அஞ்சடி பதினோரு அங்குலம் வளந்துருச்சுங்க."

"நல்லதுதானே?"

"என்னத்த நல்லதுங்க! பள்ளிக்கூடத்துல பேரே 'முருங்கக்கா'. சொந்தக்காரங்க வந்தா, 'இவளுக்கு மாப்பிள்ளைய தென்னமரத்துலதான் தேடோணும்'ங்கறாங்க. புள்ள இப்பக் கூனிக் கூனி நடக்குது. இந்த லட்சணத்துல பி.ட்டி. டீச்சர் அவளை நெட்பால் டீம்ல போட்டுட்டாங்க. கோயமுத்தூர்ல போட்டி. அவங்கப்பா சம்மதக் கடுதாசில கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு."

"ஏனாம்?"

"'நெட்டுன்னா வலை. வட்டமலைக்கரை அணையில வருஷக்கணக்கா தண்ணியே வராமக் கெடந்துது. வலைய வெச்சு எங்க போயி மீன் புடிக்கறது?'ன்னு கேக்கறாருங்க!"

சிரித்துவிட்டோம். நண்பர் சிரிக்கவில்லை.

"அவரு உங்க பத்திரிகைய மட்டும் அட்டை டு அட்டை படிப்பாருங்க. அதுல வந்துட்டா அது சத்தியம். நெட்பால்னா என்ன, அதுல போயி யாராச்சும் ஆளாயிருக்காங்களான்னு நீங்க எழுதுங்க. கையெழுத்துப் போட்டாலும் போடுவாரு."

ஆக வாசகர்களே, இந்தக் கட்டுரை உங்களுக்காக மட்டும் இல்லை. வெள்ளகோவிலில் மூடி திறக்காத ஒரு பேனாவுக்காகவும்தான்!

* * *

முதலில் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நெட்பால் என்றால் வாலிபால் இல்லை. த்ரோபால் இல்லை. ரப்பர் வளையத்தைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற நம்ம ஊர் வளையப்பந்தும் இல்லை. தமிழில் வலைப்பந்து. பார்த்தால் பாஸ்கெட்பாலுக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும். நிஜமாகவே தங்கச்சிதான். 1891-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்கிற வாத்தியார் பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்தார். சில வருடங்களில் அது கப்பலேறி இங்கிலாந்துப் பெண்கள் கல்லூரிக்குப் போனது. அங்கே பெண்கள் ஆடுவதற்குத் தோதாக மாற்றி மாற்றி, 1901-ல் தனி விதிகளையே அச்சடித்துவிட்டார்கள்.

ஆனால் ஒவ்வொரு தேசத்திலும் ஒவ்வொரு விதி. ஒரு ஊரில் ஏழு பேர், இன்னொரு ஊரில் ஒன்பது பேர். சீட்டாட்டத்தில் வீட்டுக்கு வீடு ஜோக்கர் கணக்கு மாறுமே, அந்த மாதிரி! கடைசியில் 1960-ல் பல தேசத்துப் பிரதிநிதிகள் ஒரு இடத்தில் உட்கார்ந்து, 'இனிமேல் உலகம் முழுக்க ஒரே சட்டம்' என்று முடிவு செய்தார்கள். எந்த இடத்தில் தெரியுமா? லண்டன் இல்லை, சிட்னி இல்லை. நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற இலங்கையில்! அப்போது அதன் பெயர் சிலோன். 1963-ல் இங்கிலாந்தில் ஈஸ்ட்போர்ன் என்ற ஊரில் முதல் உலகப் போட்டி நடந்தபோது ஆடிய 11 நாடுகளில் சிலோனும் ஒன்று.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம். ஒரு பக்கம் ஏழு பேர். பதினைந்து நிமிடம் வீதம் நாலு பகுதி. பத்தடி உயரத்தில் ஒரு வளையம். பாஸ்கெட்பாலில் பின்னால் பலகை இருக்கும். பந்து அதில் பட்டுக்கூட உள்ளே விழும். இங்கே பலகையே கிடையாது. குறி தப்பினால் தப்பினதுதான். பந்தைத் தட்டிக்கொண்டே ஓடக் கூடாது. கைக்கு வந்தால் மூன்று விநாடிக்குள் கைமாற்றிவிட வேண்டும். (ஆபீஸில் நம் டேபிளுக்கு வரும் ஃபைலை மூன்று மாதம் வைத்திருக்கிறோமே... அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்!)

ஏழு பேருக்கும் பனியனில் எழுத்து எழுதியிருக்கும். கோல் போடும் உரிமை இரண்டே பேருக்கு. கோல் ஷூட்டர், கோல் அட்டாக். அவர்களை மறிப்பதற்கு இரண்டு பேர். கோல் கீப்பர், கோல் டிஃபன்ஸ். மைதானம் மூன்று பாகமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கோல் கீப்பர் தன்னுடைய மூன்றிலொரு பாகத்தைத் தாண்டி ஒரு எட்டு வைக்கக் கூடாது. வீட்டுக் காவல் மாதிரி.

நம்ம வெள்ளகோவில் பெண்ணுக்கு டீச்சர் கொடுத்திருப்பது இந்த கோல் கீப்பர் வேலையைத்தான்.

'சரி, குறுக்கே போய் நின்று பந்தைப் பிடுங்க வேண்டியதுதானே' என்கிறீர்களா? அங்கேதான் சங்கதியே இருக்கிறது. பந்து வைத்திருப்பவளிடமிருந்து நீங்கள் மூன்றடி தள்ளித்தான் நிற்க வேண்டும். கணக்காகச் சொன்னால் 0.9 மீட்டர். அவள் தரையில் வைத்த காலிலிருந்து உங்கள் கால் வரைக்கும் அளப்பார்கள். அங்கிருந்து கையை நீட்டலாம், எக்கலாம், குதிக்கலாம். ஆனால் இடிக்கக் கூடாது; தட்டிப் பறிக்கக் கூடாது. அரையடி முன்னால் போனாலும் அம்பயர் விசில் ஊதுவார். தண்டனை என்ன தெரியுமா? எதிராளி பந்தைக் கையிலிருந்து எறியும் வரையில் அவள் பக்கத்தில் ஓரமாக, கையைத் தூக்காமல், வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். ஹோம்வொர்க் எழுதாமல் போனால் வாத்தியார் நிற்க வைப்பாரே, அதே தண்டனை!

ஆகவே தடுப்பாட்டம் என்பது முரட்டு வேலை இல்லை. பொறுமை வேலை. பந்து அவள் கைக்குப் போன பிறகு தடுப்பது பாதி வீண். போவதற்கு முன்னால் தடுக்க வேண்டும். யார் யாருக்கு வீசப் போகிறாள், எந்தக் கண் எங்கே பார்க்கிறது, எந்தத் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்து, நடுவில் பாய்ந்து பறிக்க வேண்டும். குறி தப்பி வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை முதலில் எட்டிப் பிடிக்க வேண்டும். கோல் போட்டவள் பெயரை ஸ்கோர் போர்டு சொல்லும். தடுத்தவள் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள்.

* * *

'இதில் போய் யார் ஆளானார்கள்?' அப்பாவின் கேள்வி நியாயமானது. பதிலுக்குக் கடல் கடந்து கொஞ்சம் தூரம் போவோம். யாழ்ப்பாணம்.

தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாண மாவட்டத்தில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். வளர்ந்ததெல்லாம் போர்க்காலம். அவரும் வளர்ந்தார். வளர்ந்துகொண்டே போனார். ஐந்தடி பதினோரு அங்குலத்துக்கே இங்கே பஞ்சாயத்து நடக்கிறதே... தர்ஜினியின் உயரம் 208 சென்டிமீட்டர். அதாவது ஆறடி பத்து அங்குலம்! நம் வீட்டு நிலவாசலில் நேராக நுழைய முடியாது. பஸ்ஸில் நிமிர்ந்து நிற்க முடியாது. தெருவில் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்ததோடு விட்டார்களா? கிண்டலும் கேலியும் அவரையும் விடவில்லை.

மட்டக்களப்பில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தார். எந்த உயரம் தெருவில் கேலியானதோ, அந்த உயரம் மைதானத்தில் சொத்தானது. யோசித்துப் பாருங்கள்... வளையம் பத்தடி. இவர் ஏழடிக்கு இரண்டங்குலம் குறைவு. கையைத் தூக்கி நின்றால் இவருக்கு எதிரே மூன்றடி தள்ளி நிற்கிற தடுப்பாட்டக்காரி என்ன செய்ய முடியும்? குதித்துப் பார்க்கலாம். கும்பிட்டும் பார்க்கலாம்!

அதற்காக, 'உயரம் இருந்தது, ஜெயித்தார்' என்று முடித்துவிட்டால் அது பெரிய அநியாயம். உயரமான ஆளுக்கு மேலே வரும் பந்தைப் பிடிக்கக் கை பதம் வேண்டும். பலகை இல்லாத வளையத்தில் போட மணிக்கட்டு பதம் வேண்டும். சுற்றிலும் நெருக்குகிற ஆட்களுக்கு நடுவில் காலை நகர்த்தாமல் நிற்கத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, சிங்களம் பேசுகிறவர்களே நிறைந்த தேசிய அணியில், யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண்ணாகப் போய் நிற்கும் நெஞ்சுரம் வேண்டும். அதுவும் எந்தக் காலத்தில்? இரண்டு பக்கமும் துப்பாக்கி பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

2009 மே மாதம் போர் முடிந்தது. அதே வருடம் ஆசிய வலைப்பந்துக் கோப்பையை இலங்கை ஜெயித்தது. அந்த அணியில் தர்ஜினி இருந்தார். ஆட்டத்தில் மொழி தெரியாவிட்டால் என்ன? பந்தை எங்கே வீச வேண்டும் என்பதற்கு அகராதி தேவையில்லை. உயரத்தில் ஒரு கை தெரியும், அங்கே வீசு. அவ்வளவுதான்!

அப்புறம் அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய், விக்டோரியா மாநில லீக்கில் சிட்டி வெஸ்ட் ஃபால்கன்ஸ் அணிக்கு ஆடினார். வலைப்பந்து உலகத்துக்கு ஆஸ்திரேலியா என்றால், கிரிக்கெட்டுக்கு நம்ம மும்பை மாதிரி. 2018-ல் சிங்கப்பூரில் நடந்த ஆசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், அந்த ஊர்க்காரர்களையே 69-50 என்று இலங்கை தோற்கடித்தது. அடுத்த வருடம், 2019-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உலகக் கோப்பை. 16 அணிகள். இலங்கைக்குக் கிடைத்தது 15-வது இடம்தான். ஆனால் மொத்தப் போட்டியிலும் அதிக கோல் போட்டவர் யார்? ஆஸ்திரேலியா இல்லை, நியூஸிலாந்து இல்லை. 348 கோல் போட்ட தர்ஜினி! நூறு எறிந்தால் தொண்ணூறுக்கு மேல் உள்ளே. அப்போது வயது நாற்பது!

இன்னொரு தகவல். 2022 செப்டம்பர் 11-ம் தேதி துபாயில் இலங்கை கிரிக்கெட் அணி பாகிஸ்தானை ஜெயித்து ஆசியக் கோப்பையை வாங்கியது ஞாபகம் இருக்கிறதா? நாமெல்லாம் டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். அதே நாள், சிங்கப்பூரில் இலங்கைப் பெண்கள் வலைப்பந்து ஆசியக் கோப்பையை ஆறாவது முறையாக ஜெயித்தார்கள், 63-53 என்று. அந்த அணியிலும் தர்ஜினி இருந்தார். அதை எத்தனை பேர் பார்த்தோம்? கையைத் தூக்குங்கள். ஒருத்தரும் இல்லையா? நாமும் பார்க்கவில்லை!

* * *

'அது சரி, அவர் கோல் போடுகிறவர். என் மகள் தடுக்கிறவளாச்சே?' என்று அந்த அப்பா கேட்பார். நண்பர் எச்சரித்துவிட்டார். கேட்கட்டும். அதற்கும் ஆள் இருக்கிறது.

ஜீவா மென்டர். (பெயரைப் பார்த்து நம்ம ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். அசல் இங்கிலாந்துக்காரர்!) போர்ன்மத் என்கிற கடற்கரை ஊர். 1984-ல் பிறந்தவர். ஆறடிக்கு மேல் உயரம். ஆடுவது கோல் கீப்பர் இடத்தில். பதினாறு வயதிலேயே இங்கிலாந்து அணிக்குள் வந்துவிட்டார். நம்ம வெள்ளகோவில் பெண்ணின் வயதுதான்.

வந்ததுமே கோப்பையைத் தூக்கினாரா? அதுதான் இல்லை. 2002-ல் மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டி. சொந்த நாடு. பதினேழு வயது. இங்கிலாந்துக்கு நாலாவது இடம். விளையாட்டில் நாலாவது இடம் என்பது எவ்வளவு கொடுமை என்று பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்... மூன்று இலைக்கு ஜாங்கிரி வைத்துவிட்டு, நமக்கு வரும்போது பாத்திரம் காலி! 2003-ல் ஜமைக்காவில் உலகப் போட்டி. மறுபடியும் நாலு. 2006-ல் மெல்போர்னில் ஒருவழியாக வெண்கலம். 2007 உலகப் போட்டியில் திரும்பவும் நாலு!

வேறு யாராவதாக இருந்தால் 'எனக்கு ராசியில்லை' என்று பரிகாரத்துக்குப் போயிருப்பார்கள். ஜீவா ஆஸ்திரேலியாவுக்குப் போனார். 2008-ல் ஆஸ்திரேலியாவும் நியூஸிலாந்தும் சேர்ந்து ஒரு பெரிய லீக்கைத் தொடங்கின. அதில் அடிலெய்டு தண்டர்பேர்ட்ஸ் அணியில் சேர்ந்தார். காரணம் சுலபமானது. உலகத்திலேயே சாமர்த்தியமாக கோல் போடுகிறவர்கள் இருக்கும் ஊரில் போய் ஆடினால்தானே தடுப்பதற்கு நன்றாகக் கற்றுக்கொள்ள முடியும்? நீச்சல் பழக வேண்டுமானால் கிணற்றில்தான் குதிக்க வேண்டும். அண்டாவில் குதித்து என்ன பயன்? அப்புறம் மெல்போர்ன் விக்ஸன்ஸ். 2014-ல் அந்த அணி சாம்பியன். 2017-ல் ஆஸ்திரேலியாவில் முழுநேரத் தொழில்முறை லீக் தொடங்கியபோது, சன்ஷைன் கோஸ்ட் லைட்னிங் என்ற புது அணிக்குக் கேப்டன். 2017, 2018 இரண்டு வருடமும் அந்த அணிதான் சாம்பியன்.

நம்ம நாட்டுக்கும் அவர் வந்திருக்கிறார். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டி. தியாகராஜ் அரங்கத்தில் வலைப்பந்து நடந்தது. இங்கிலாந்துக்கு வெண்கலம். நம்ம இந்திய அணியும் ஆடியது. அப்போது இந்தியக் கேப்டன் பிராச்சி தெஹ்லான். (மம்முட்டி நடித்த 'மாமாங்கம்' படம் பார்த்தீர்களா? அதில் நடித்த உயரமான பெண், அவரேதான்! இதற்கு மட்டும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவீர்களே!)

அப்புறம் 2014 கிளாஸ்கோ. இங்கிலாந்துக்கு மறுபடியும் அந்தப் பாழாய்ப்போன நாலாவது இடம்.

2018. ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட். காமன்வெல்த் இறுதி ஆட்டம். எதிரே ஆஸ்திரேலியா. அவர்கள் மண், அவர்கள் கூட்டம். நாலாவது பகுதி முடியப்போகிறது. 51-51. கடைசி விநாடியில் ஹெலன் ஹவுஸ்பி பந்தை வளையத்துக்குள் போட்டார். 52-51. இங்கிலாந்துக்கு முதல் முறையாகத் தங்கம்!

மறுநாள் உலகம் முழுக்க ஹவுஸ்பியின் படம். நியாயம்தான். ஆனால் ஒரு கணக்குப் போடுங்கள். அறுபது நிமிட ஆட்டத்தில், பின்னால் நின்றவர்கள் ஒரே ஒரு பந்தைக் கூடுதலாக விட்டிருந்தால்? அந்தக் கடைசி கோலுக்கு அர்த்தமே இல்லாமல் போயிருக்கும். பதினேழு வயதில் நாலாவதாக வந்த பெண், பதினாறு வருடம் கழித்து முப்பத்து மூன்றாவது வயதில் கழுத்தில் தங்கத்தைப் போட்டுக்கொண்டார். 2002 முதல் 2022 வரை ஆறு காமன்வெல்த் போட்டிகள் ஆடியவர் அவர்.

* * *

வெள்ளகோவில் அப்பா அவர்களே... இப்போது உங்களிடம் நேராகவே பேசிவிடுகிறோம்.

உங்கள் மகள் தர்ஜினி ஆகிவிடுவாள், ஜீவா ஆகிவிடுவாள் என்று நாங்கள் ஜோசியம் சொல்லவில்லை. நம்ம ஊரில் வலைப்பந்துக்குக் கூட்டம் சேராது. பத்திரிகையில் ஒரு வரி வராது. அது எங்கள் தப்பும்தான். இதை ஆடினால் வேலை கிடைக்கும், வீடு கிடைக்கும் என்று எழுதிக் கொடுக்க எங்களால் முடியாது.

ஆனால் ஒன்று. வீரக்குமாரசாமி கோயில் தேருக்கு உயரம் அதிகம் என்று யாராவது குறை சொல்கிறார்களா? அண்ணாந்து பார்த்துக் கும்பிடுகிறோம். உங்கள் பெண்ணைப் பார்த்தால் மட்டும் எல்லோரும் 'முருங்கக்கா' என்கிறார்கள். அவளும் அதை நம்பி, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு நடக்கிறாள். இந்த மாவட்டத்தில் அவளைப் பார்த்து, 'கண்ணு, இன்னும் நல்லா நிமிரு! கையை இன்னும் ஒசத்து!' என்று சொல்லும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் பந்தாட்ட மைதானம். அதற்குப் போகத்தான் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறாள்.

* * *

கட்டுரையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் நண்பரிடம் கொடுத்தோம். அவர் அதை அப்படியே மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் போன்.

"கையெழுத்துப் போட்டுட்டாருங்க!"

"பலே!"

"ஆனா ஒரு கண்டிஷனுங்க. 'கோயமுத்தூருக்கு நானும் வருவேன்'னுட்டாரு."

போன சனிக்கிழமை மறுபடியும் போன் வந்தது. ஆவலாகக் கேட்டோம்.

"மேட்ச் என்ன ஆச்சு?"

"தோத்துட்டாங்கங்க. ஒரே ஒரு கோல்."

"அடடா! பொண்ணு அழுதாளா?"

"அதெல்லாம் இல்லீங்க. காங்கயம் வர்ற வரைக்கும் பஸ்ஸுல ஒரே கணக்கு. 'கடைசிப் பகுதியில மூணடி தள்ளி நிக்காம ரெண்டு தடவை மாட்டிக்கிட்டேன் மாமா. அடுத்த வாட்டி பாருங்க'ங்கறா. எறங்கி நடக்கறப்பப் பாத்தனுங்க... கூன் இல்லீங்க."

நமக்குத் தொண்டை லேசாக அடைத்தது. சமாளித்துக்கொண்டு, "அவங்கப்பா என்ன சொன்னார்?" என்றோம்.

"அவரா? 'அந்தம்மாவுக்கு மூணடின்னா எவ்வளவுன்னே தெரியலை, அடுத்த மேட்ச்சுக்கு நான் டேப் கொண்டாறேன்'னு அம்பயரைத் திட்டிக்கிட்டே வந்தாருங்க!"